ஈரல் புற்றுநோயும் இரத்தத்தின் சாட்சியமும்

ஒரு சிறு குழாய் இரத்தத்தைக் கொண்டே புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற விளம்பரங்கள் இக்காலத்தில் பெருகி வருகின்றன. ஜனங்கள் அவற்றை ஆவலுடன் வாசிக்கிறார்கள். பயத்துடன் வாசிக்கிறார்கள் என்று சொல்வது இன்னும் பொருந்தும். அவற்றில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று ஆராய்வது பத்திரிகைகளின் கடமையாகும். எல்லாப் புற்றுநோய்களையும் ஒரே வியாசத்தில் எடுத்துப் பேசுதல் சாத்தியமன்று. ஆதலின், கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் ஒன்றையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். இரத்தப் பரீட்சையினால் புற்றுநோயைத் தேடும் முயற்சிகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. அறுபது வருஷத்து அனுபவம் இதன் பின்னால் நிற்கிறது. அனுபவம் உள்ள இடத்தில் விசாரணை எளிது.

2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகமெங்கும் சுமார் 8,66,000 பேருக்கு ஈரலிலும் அதனுள்ளிருக்கும் பித்தக் குழாய்களிலும் புற்றுநோய் புதிதாகக் கண்டது. அதே வருஷத்தில் அந்நோயால் மாண்டவர் சுமார் 7,58,000 பேர். இவ்விரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு சிறியதென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். காரணம் யாதெனில், ஈரல் மௌனமான உறுப்பு. அதன் உட்பாகத்தில் வலி உணரும் நரம்புகள் இல்லையென்றே சொல்லலாம். அதில் ஒரு பெரும்பகுதி கெட்டாலும் எஞ்சிய பகுதி வேலையைச் சுமந்து செல்லும். ஆகையால், வயிறு கனக்கிறதென்றும், கண் மஞ்சளித்ததென்றும், உடல் இளைக்கிறதென்றும் ஒருவர் வைத்தியரிடம் போகும்போது கட்டி பெரிதாகிவிட்டிருக்கும். அறுத்தெடுக்கும் காலம் கடந்திருக்கும். கட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டுகொண்டாலோ, சத்திரசிகிச்சையால் அறுத்தெடுத்தும், ஊசி செலுத்திச் சூட்டினால் பொசுக்கியும், சிலருக்கு ஈரலையே மாற்றி வைத்தும் பூரண குணம் உண்டாக்க இயலும். அந்த மௌன காலத்தில் இரத்தமாவது பேசுமா என்பதே கேள்வி.

பேசும் என்று முதலில் காட்டியவர்கள் ருஷிய விஞ்ஞானிகள். கர்ப்பத்திலுள்ள சிசுவின் ஈரல் ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. சிசு பிறந்தபின் சில மாதங்களுக்குள் அது இரத்தத்தில் இருந்த இடம் தெரியாமல் குறைந்துவிடும். 1963-ஆம் வருஷத்தில் மாஸ்கோவிலுள்ள கமலேயா ஆராய்ச்சி நிலையத்தில் கார்ரி அபேலெவ் என்பவரும் அவருடைய சகாக்களும், ஈரலில் புற்றுக் கண்ட வளர்ந்த எலிகளின் இரத்தத்தில் இந்தச் சிசுப் புரதம் மீண்டும் தலைகாட்டுவதைக் கண்டனர். அடுத்த வருஷமே யூரி டாடாரினோவ் என்பவர் ஈரல் புற்றுநோயுள்ள மனிதரின் இரத்தத்திலும் அது இருப்பதைக் கண்டு வெளியிட்டார். ஆல்பா பீட்டோ புரோட்டீன் என்பது அதன் பெயர். முதிர்ந்த உயிரணு புற்றாகத் திரியும்போது தன் முதுமையை மறந்து சிசுப் பருவத்து வேலையை மறுபடியும் தொடங்குகிறது என்பது இதன் தாத்பரியம். இயற்கையின் விநோதங்களில் இதைக் காட்டிலும் வியக்கத்தக்கது அதிகம் இல்லை.

ஆனால், நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி உண்மை பேசினான் என்பது மட்டும் போதாது. பேசவேண்டிய சமயத்திலெல்லாம் பேசினானா, பேசக்கூடாத சமயத்தில் வாய் திறந்தானா என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவ்விதம் விசாரித்தால் இந்தப் பழைய சாட்சியிடம் இரண்டு குறைகளும் உண்டு. மில்லிலிட்டர் இரத்த நீரில் 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவது வழக்கம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. முளைப்பருவத்திலுள்ள கட்டிகளில் கணிசமானவை இந்த அளவை எட்டுவதேயில்லை. மற்றொரு புறம், புற்றே இல்லாமல் ஈரல் அழற்சியால் வாடுகிறவர்களிடத்தும், கர்ப்பிணிகளிடத்தும் இந்த அளவு ஏறிவிடுகிறது. இதனால் மனம் வெறுத்த வைத்தியர்கள் ஒரு காலத்தில் இந்தச் சாட்சியைத் தள்ளிவிடலாமென்றுகூட அபிப்பிராயப்பட்டனர். அல்ட்ராசவுண்டு என்னும் ஒலியலைப் படம் போதுமென்பது அவர்கள் கட்சி. ஆயினும், பல ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2018-இல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாக இருந்தது. ஈரல் சுருங்கித் தழும்பேறிய நோயாளிகளில், ஒலியலைப் படம் மட்டும் முளைப்பருவப் புற்றுகளில் நூற்றுக்கு 45-ஐயே காட்டிற்று. படத்துடன் இந்த இரத்தப் பரீட்சையையும் சேர்த்தபோது நூற்றுக்கு 63 வெளிப்பட்டன. குறையுள்ள இரு சாட்சிகள் சேர்ந்து ஒருவர் விட்டதை மற்றவர் சொல்லக்கூடுமென்பது வக்கீல்களுக்குத் தெரிந்த விஷயந்தான்.

நிற்க. இரண்டாவது சாட்சி 1984-இல் வந்தது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் என்னும் பொருளை ஈரலே தயாரிக்கிறது. வைட்டமின் கே-யின் உதவியால் அதற்குக் கடைசிப் பூச்சு ஒன்று ஏற வேண்டும். புற்றுப் பிடித்த உயிரணுக்கள் அந்தப் பூச்சை ஏற்றாமலே அரைகுறைச் சரக்கை இரத்தத்தில் தள்ளிவிடுகின்றன. அமெரிக்காவில் லீப்மன் முதலியோர் கண்டறிந்த இந்த அரைகுறைச் சரக்கைப் பிவ்கா-2 என்று அழைப்பர். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மருந்து உண்பவர்களிடத்தும் இது ஏறும். அங்கே இச்சாட்சியம் செல்லாது. மூன்றாவது சாட்சி, முதற் சாட்சியின் ஒரு பிரிவே. சிசுப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. புற்றணு செய்யும் புரதத்தில் அச்சங்கிலி சற்று மாறியிருக்கிறது. அந்த மாறுதலைப் பிரித்துக் காட்டும் பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டதென்று நினைக்கிறீர்கள்? நம் வீடுகளில் மைசூர்ப் பருப்பு என்று வழங்கும் பருப்பிலிருந்துதான்! அப்பருப்பிலுள்ள ஒரு புரதம் மாறிய சங்கிலியை மாத்திரம் பற்றிக்கொள்ளும். ஜப்பானியர் இம்மூன்று பரீட்சைகளையும் தங்கள் தேசிய வைத்திய இன்ஷூரன்ஸில் சேர்த்து வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இம்மூன்றின் அளவுகளோடு நோயாளியின் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் முறையைப் பர்மிங்ஹாமில் பிலிப் ஜான்சன் முதலியோர் 2014-இல் வெளியிட்டனர். காலாட் என்று அதற்குப் பெயர்.

இப்பொழுது புதிதாக வந்திருப்பது அணுக்களின் ஜாதகமே சாட்சி சொல்லும் முறை. இறக்கும் உயிரணுக்களிலிருந்து டி.என்.ஏ. துண்டுகள் இரத்தத்தில் கலக்கின்றன என்பதை ஸ்ட்ராஸ்பூர்கில் மாண்டெல், மெட்டே என்ற இருவர் 1948-லேயே கண்டிருந்தனர். அதன் பயனை உலகம் உணர்வதற்குப் பல பத்து வருஷங்கள் ஆயின. டி.என்.ஏ.வின்மீது மெத்தில் என்ற ரசாயன முத்திரைகள் இடப்பட்டிருக்கும். புற்றணுவில் அம்முத்திரைகள் இடம் மாறி விழுகின்றன. அவ்வாறு மாறிய முத்திரையுள்ள துண்டுகளை இரத்தத்திலிருந்து பொறுக்கி எடுத்துப் புற்றை ஊகிப்பதே பல புதிய பரீட்சைகளின் தந்திரம். இவற்றுள் மிகவும் நுட்பமான சாட்சியம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பூசணம் பிடித்த சோளத்திலும் நிலக்கடலையிலும் அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது ஈரல் அணுவினுள் புகுந்து, புற்றைத் தடுத்து நிறுத்தும் பி-53 என்ற மரபணுவில் 249-ஆவது இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிடுகிறது. 1991-இல் சீனாவின் சிடோங்கிலும் தென்னாப்பிரிக்கப் பிரதேசங்களிலும் உள்ள நோயாளிகளின் கட்டிகளில் இந்த மாறுதல் கண்டுபிடிக்கப்பட்டது. கள்வன் விட்டுச்சென்ற கைரேகையைப் போன்றது இது. பிற்பாடு சிடோங்கில் சேமித்து வைத்திருந்த பழைய இரத்தத்தைச் சோதித்தபோது, சிலரிடம் நோய் வெளிப்படுவதற்கு முன்னரே அக்கைரேகை காணப்பட்டது.

இவ்வளவும் கேட்டபின், இனி ஐயமென்ன, எல்லோருக்கும் பரீட்சை செய்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். முன்னதாகக் கண்டுபிடிப்பது வேறு. உயிரைக் காப்பது வேறு. முன்னது இருந்தால் பின்னது தானே வந்துவிடும் என்று எண்ணுவது சகஜம். அந்த எண்ணம் சரியா என்பதைச் சீன தேசத்தில் இரண்டு பரீட்சைகள் பகிரங்கமாகச் சோதித்துவிட்டன.

யாங்சி நதி கடலில் கலக்குமிடத்தில், வடகரையில், ஜியாங்சு மாகாணத்தைச் சேர்ந்தது சிடோங். ஈரல் புற்றுநோய்க்குப் பேர்போன இடம். அங்கே 1972-இலேயே அந்நோய்க்கென்று ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபித்துவிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி என்னும் காமாலை வைரஸைச் சுமக்கும் 30 வயது முதல் 69 வயது வரையுள்ள ஆடவர் 5,581 பேரை 1989-இல் திரட்டி, ஒரு பிரிவாருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ஆல்பா பீட்டோ புரோட்டீன் பரீட்சை செய்துவந்தனர். மற்றப் பிரிவாரைப் பரீட்சையின்றி விட்டனர். 1995 வரை கணக்கெடுத்தார்கள். பரீட்சைப் பிரிவில் புற்றுக் கண்டவர்களுள் முதற்கட்டத்திலேயே அகப்பட்டவர் நூற்றுக்கு 29.6, மற்றப் பிரிவில் 6 பேரே. சாட்சி தன் கடமையைச் செய்துவிட்டது. முடிவு என்ன ஆயிற்று? நோய் கண்ட ஒரு வருஷத்திற்குப் பின் பரீட்சைப் பிரிவில் நூற்றுக்கு 23.7 பேர் உயிருடனிருந்தனர். மற்றப் பிரிவில் 9.7 பேர். இதைக் கேட்டு யாரும் மகிழ்வார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் முன்னதில் 4.0, பின்னதில் 4.1! ஈரல் புற்றால் ஏற்பட்ட மரணமோ, வருஷத்துக்கு லட்சம் பேருக்குப் பரீட்சைப் பிரிவில் 1,138; மற்றப் பிரிவில் 1,114. ஆக, முன்னதாகச் செய்தி அறிந்தார்களே தவிர, பிழைத்தார்களில்லை. தாங்கள் மாளப்போவதைச் சில மாதங்கள் அதிகமாக அறிந்திருந்தார்கள், அவ்வளவே.

இனி ஷாங்காய் நகரத்தைப் பார்ப்போம். அங்கே டாங் ஜாவ்-யூ என்ற சத்திரவைத்தியரும் அவருடைய கூட்டத்தாரும், சிறு கட்டிகளை அறுத்தெடுப்பதில் 1970-களிலிருந்தே தேர்ச்சி பெற்றிருந்தனர். அவர்களைச் சேர்ந்தவர்கள் 1993-இல் ஒரு பெரும் பரீட்சையைத் தொடங்கினர். ஹெபடைட்டிஸ் பி உடையவரும், நாட்பட்ட ஈரல் அழற்சி கண்டவருமாகிய 35 முதல் 59 வயது வரையுள்ள 18,816 பேரைத் தொழிற்சாலைகள், பள்ளிக்கூடங்கள் முதலியவற்றின் மூலம் திரட்டி, ஒரு பாதியாருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தப் பரீட்சையும் ஒலியலைப் படமும் அளித்தனர். அழைத்த வேளைகளிலெல்லாம் எல்லோரும் வந்துவிடவில்லை. வந்தவர் நூற்றுக்கு 58.2 என்ற விகிதமே. அப்படியிருந்தும், 2004-இல் வெளிவந்த முடிவில், ஈரல் புற்று மரணம் லட்சத்துக்கு 131.5 என்பதிலிருந்து 83.2 ஆகக் குறைந்திருந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஐந்து வருஷம் பிழைத்தவர் பரீட்சைப் பிரிவின் நோயாளிகளில் நூற்றுக்கு 46.4, மற்றப் பிரிவில் ஒருவருமில்லை.

ஒரே தேசம், ஒரே வைரஸ், ஒரே புரதம், ஒரே ஆறு மாதத் தவணை. முடிவுகள் மாத்திரம் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. ஷாங்காயில் பரீட்சைப் பிரிவின் நோயாளிகளுள் நூற்றுக்கு 46.5 பேருக்குக் கட்டி அறுத்தெடுக்கப்பட்டது. மற்றப் பிரிவில் 7.5 பேருக்கே. ஒலியலைப் படம் கூட இருந்தது. சிடோங்கில், கண்டுபிடித்த பின்னர் செய்யவேண்டிய சிகிச்சை பயனளிக்கும் நிலையில் இருக்கவில்லை. ஷாங்காய்ப் பரீட்சையின் கணித முறையைப் பற்றித் தேர்ந்தவர்கள் குறை கூறியிருக்கிறார்கள். மனிதர்களைத் தனித்தனியே பிரிக்காமல் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் பிரித்துவிட்டு, அதற்கேற்றபடி கணக்கைத் திருத்தவில்லை என்பது அவர்கள் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபந்தான். ஆயினும் ஒன்று நிச்சயம்: சத்திரவைத்தியர் இல்லாத ஊரில் இரத்தத்தின் சாட்சியம் தீர்ப்பாகுமேயன்றி விடுதலையாகாது.

அடுத்த கேள்வி, யாரைப் பரீட்சிப்பது என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புற்றுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரைக் காட்டுவதும், புற்றில்லாத நூறு பேரில் ஐந்து பேரைத் தவறாகக் குற்றஞ்சாட்டுவதுமான ஒரு பரீட்சை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது மிக நல்ல பரீட்சையே. ஈரல் தழும்பேறிய 1,000 பேரில் 20 பேருக்குப் புற்று இருக்குமானால், அது 16 பேரைச் சரியாகவும், 49 பேரைத் தவறாகவும் காட்டும். குற்றஞ்சாட்டப்பட்ட நான்கு பேரில் ஒருவர் மெய்யான நோயாளி; மேற்கொண்டு படமெடுத்து நிச்சயிக்கலாம். அதே பரீட்சையை, பத்துப் பேருக்கு மட்டும் புற்றுள்ள ஒரு லட்சம் சாதாரண ஜனங்களுக்குச் செய்தால், எட்டு நோயாளிகளுக்காகச் சுமார் 5,000 ஆரோக்கியவான்கள் தூக்கமிழந்து ஸ்கேன் கூடங்களின் வாசலில் பணத்துடன் காத்திருக்க நேரிடும். விளம்பரக்காரர்கள் முதற்கணக்கைச் சொல்லி இரண்டாவது கூட்டத்தாருக்குச் சரக்கை விற்கிறார்கள் என்பதே எமது குற்றச்சாட்டு. தவிரவும், புதிய பரீட்சைகளில் பல, ஏற்கெனவே புற்றுள்ளதென்று தெரிந்தவர்களையும் இல்லாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டவை. ஒரு பரீட்சை கடக்கவேண்டிய படிகள் ஐந்து என்று 2001-இல் மார்கரெட் பெப்பி முதலியோர் வகுத்தனர். கடைசிப் படி, அதனால் மரணம் குறைந்ததா என்பது. ஈரல் புற்று விஷயத்தில் அந்தப் படியில் கால் வைத்தவை பழைய சிசுப் புரதமும் ஒலியலைப் படமுமே. காலாட் மதிப்பெண்ணை ஒலியலைப் படத்துடன் ஒப்பிட்டு நோக்கும் பெரிய பரீட்சை அமெரிக்காவில் ஆரம்பமாகியிருப்பது வரவேற்கத்தக்கது.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதோ வெகுநாட்களாகவே தெரிந்த விஷயம். தைவானில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களாகிய 22,707 ஆடவரைப் பல வருஷம் கவனித்து, பாமர் பீஸ்லி முதலியோர் 1981-இல் கணக்கு வெளியிட்டனர். அவர்களுள் ஈரல் புற்றால் மாண்டவர் 41 பேர். அந்த 41 பேரில் 40 பேர் ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்தவர்கள். இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைப்பது துர்லபம். தைவான் சர்க்கார் தாமதிக்கவில்லை. 1984-இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தனர். 6 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு லட்சத்தில் 0.70 என்றிருந்த ஈரல் புற்று, 1990-க்கும் 1994-க்கும் இடையில் 0.36 ஆகப் பாதியாயிற்று.

சிடோங்கின் கதையிலும் ஒரு பிற்பகுதி உண்டு. சோளத்தையே பிரதான உணவாகக் கொண்டிருந்த அப்பிரதேசத்து ஜனங்கள், 1980-களில் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், அரிசியை வாங்கி உண்ணத் தொடங்கினர். பூசண நஞ்சு அவர்கள் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்தது. அதைத் தொடர்ந்து ஈரல் புற்று மரணமும் பெரிதும் குறைந்தது. அந்தப் பரீட்சை செய்ய முடியாததை அரிசிச் சோறு செய்தது! இவ்விஷயம் நமக்கும் அந்நியமன்று. 1974-இல் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த சோளத்தை உண்டு ஈரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழையில் நனைந்த கடலையையும் தானியத்தையும் உலர்த்தாமல் மூட்டை கட்டும் வழக்கம் இன்றும் நம் மண்டிகளில் ஒழியவில்லை.

நம் தேசத்தில் 2022-இல் ஹெபடைட்டிஸ் பி உடையவர்கள் சுமார் 2 கோடி 98 லட்சம் பேர் என்றும், ஹெபடைட்டிஸ் சி உடையவர்கள் 55 லட்சம் பேர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களுள் பெரும்பாலோர்க்குத் தம்மிடம் வைரஸ் இருப்பதே தெரியாது. அன்னிய நாட்டுத் தடுப்பூசி விலையேறி நின்ற காலத்தில், 1997-இல் ஹைதராபாத்தில் நம்மவர்களே அதைத் தயாரித்து விலையைச் சரித்தார்கள். 2011-இல் தேசமுழுவதும் குழந்தைகளுக்கு அது இலவசமாயிற்று. அதற்கு முன் பிறந்த கோடிக்கணக்கானோர்க்கு அந்தக் கவசம் சர்க்கார் மூலம் கிடைக்கவில்லை. அவர்களுக்காக 2018-ஆம் வருஷம் ஜூலை 28-ஆம் தேதி மத்திய சர்க்கார் வைரஸ் ஈரலழற்சித் தடுப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பித்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பரீட்சையையும் மருந்தையும் இலவசமாக்கியிருக்கிறது. ஊர்தோறும் பொதுவேலை செய்யும் தொண்டர்கள், விலையுயர்ந்த புற்றுநோய்ப் பரீட்சையைத் தேடி அலைவோரை முதலில் இந்த மலிவான வைரஸ் பரீட்சைக்கு அழைத்துச் செல்வார்களாக. வைரஸ் கண்டவருக்கும் ஈரல் தழும்பேறியவருக்கும், வைத்தியர் வேண்டுமென்று சொன்னால், ஆறு மாதத்துக்கொரு முறை ஒலியலைப் படமும் சிசுப் புரதப் பரீட்சையும் தவறாமல் நடக்க வேண்டும்.

சட்டசபை அங்கத்தினர்களோ, அடுத்த பட்ஜெட் விவாதத்தின்போது மந்திரியிடம் மூன்று கணக்குகள் கேட்கலாம்: ஜில்லாவாரியாக வைரஸ் இருப்பதாகப் பதிவானவர் எத்தனை பேர், அவர்களுள் ஆறு மாதத் தவணையில் திரும்ப அழைக்கப்படுகிறவர் எத்தனை பேர், அழைக்கப்பட்டவரிடம் சிறு கட்டி கண்டால் அதை அறுக்கவோ பொசுக்கவோ வல்ல சர்க்கார் ஆஸ்பத்திரி அந்த ஜில்லாவிலிருந்து எத்தனை மைல் தூரத்திலிருக்கிறது.